நூற்றுப் பத்து வினாடி

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் தூது விட்டாயாமே. போனில் நான் கத்துவேன், நீ “சிக்னல் விட்டு விட்டு வருதுக்கா” என்று நழுவிவிடுவாய். அதனால்தான் இந்தக் காகிதம். பதிலையும் காகிதத்திலேயே அனுப்பு.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பத்தொன்பது வருடம் வார்டில் நின்ற கால்களுக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைக்கிறேன். அம்மா முதலில் சிரித்தாள், இப்போது பயப்படுகிறாள்.

நேற்று எங்கள் வார்டின் சின்ன சிஸ்டர் வந்தாள். கையில் அறுபது பக்கம். “சிஸ்டர், உங்க தம்பியோட பேட்டன்ட் ஃபைல் நெட்லயே கிடக்கு. யாரு வேணாலும் படிக்கலாமாம். படிச்சிட்டு என்னைத் திட்டாதீங்க” என்று மேசையில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள்.

பாதி எனக்கு விளங்கவில்லை. ‘படுக்கையிலுள்ள நபரின் பாதம் தரையை நோக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் துழாவல் அசைவு’ என்று ஒன்று. மூன்று முறை படித்த பிறகுதான், எழுந்திருக்கப் போகிற நோயாளி காலால் செருப்பைத் தேடுவதைச் சொல்கிறாய் என்று தெரிந்தது. அதை உனக்குச் சொன்னதே நான்தான். சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் காலையே ஆட்டிக் காட்டினேன். போகட்டும், அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வா. எங்கள் வார்டில் நீ மாட்டிய கேமரா, நோயாளி விழப்போவதை உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்லுமா என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேட்டிருக்கிறார். உங்கள் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது: ‘ஜனவரி 19, பிற்பகல் 2.40. நபர் 7. கீழே விழுவதற்கு 110 வினாடி முன்பே எச்சரிக்கை எழுப்பப்பட்டது. பணியிலிருந்த செவிலியர் செயல்படவில்லை.’

பணியிலிருந்த செவிலியர் நான்தான்டா.

ஏழாம் படுக்கைத் தையல்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்காகத்தான் என்னை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மணி அடித்தும் நான் கண்டுகொள்ளவில்லை என்று நிர்வாகம் எங்கிருந்து பிடித்தது என்று இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கொடுத்த அறிக்கையிலிருந்து!

எங்கள் மேசையில் நீ வைத்த திரை ஒரு நாள்கூட எரியவில்லை. உனக்கே தெரியும். “செட்டிங் முடியலக்கா, நாளைக்கு ஓட விட்டுடறேன். ரசீதுல மட்டும் இப்பவே ஒரு கையெழுத்துப் போடு, ஆபீஸ்ல கேக்கறாங்க” என்றாய். தம்பிதானே என்று போட்டுக் கொடுத்தேன். ‘திரை நல்ல முறையில் இயங்குகிறது’ என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. வேறு எந்தக் கம்பெனிக்காரன் கேட்டிருந்தாலும் “ஓட விட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்” என்று துரத்தியிருப்பேன். இன்று மூன்று சிஸ்டர்கள் வந்து திரை எரியவில்லை என்று சொன்னாலும், நிர்வாகம் அந்த ரசீதைத்தான் தூக்கிக் காட்டுகிறது.

28ஆம் தேதி விசாரணை. அதில் தோற்றால் என் நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் நோயாளியைத் தொட முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எச்சரிக்கை எழுப்பப்பட்டது என்கிறீர்களே, அது எங்கே அடித்தது?

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தது என் தப்பு. என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரன் “வீட்ல யாருக்காவது எதாவது ஆயிடுச்சா?” என்று கேட்டுவிட்டான்.

முதல் விஷயம், அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. கம்பெனியின் பேட்டன்ட் வக்கீல் எழுதினார். நான் எண்களைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதில் உன் பெயர் இல்லை, ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை. நீ வேலைமெனக்கெட்டு அறுபது பக்கத்தைத் தோண்டிப் படித்து, எல்லாவற்றையும் உன் மேல் எடுத்துப் போட்டுக்கொள்கிறாய்.

நீ நினைப்பது போல் பேட்டன்ட் என்பது கேட்டதும் கிடைக்கிற சான்றிதழ் இல்லை. எங்களுக்கு வாய்த்த ஆய்வாளர் அம்மா லேசில் விடுகிற ஆளும் இல்லை. முதல் அறிக்கையிலேயே பதினொரு ஆட்சேபம். கட்டிலிலிருந்து எழுவதைக் கேமரா கண்டுபிடிப்பது பழைய கதை என்று மூன்று பழைய பேட்டன்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். செருப்பைத் தேடும் கால் ஒன்றுதான் எங்களிடம் மிச்சமிருந்த புதுமை. அதற்கும், ‘அனுபவமுள்ள செவிலியர் கண்ணால் பார்ப்பதைத்தானே இயந்திரமும் பார்க்கிறது? அது சொன்னபடி ஒருவர் விழுந்ததற்கு ஒரு நிகழ்வாவது காட்டுக’ என்றார்.

உன் வார்டில் நாற்பத்தொரு நாள் ஓட்டினோம். இருபத்து மூன்று எச்சரிக்கை. இருபத்திரண்டில் யாரும் விழவில்லை, ஒவ்வொரு முறையும் நீயோ உன் ஆட்களோ போய்ப் பிடித்துவிட்டீர்கள். விழாததை வைத்து இயந்திரம் சரியாகச் சொன்னது என்று எப்படிக் காட்டுவது? மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். நாங்கள் வேறு எதைக் கொடுப்போம்?

சொன்னால் கோபப்படுவாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். நான் சைக்கிள் பழகும்போது சீட்டை விடவே மாட்டாய். விடாமல் பிடித்துக்கொண்டே ஓடிவந்துவிட்டு, “இவனுக்கு ஓட்டவே வராது” என்று தெரு முழுக்கச் சொல்லுவாய். நான்கு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் ஒன்றைச் செய்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாயா?

25ஆம் தேதி ஆய்வாளர் எங்களை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அது முடியும்வரை தயவுசெய்து எதையும் கிளறாதே. பேட்டன்ட் கிடைத்துவிட்டால் நான் உங்கள் நிர்வாகத்திடம் பேசுகிறேன். கிடைக்காவிட்டால் எங்கள் குழுவில் ஆறு பேருக்கு வேலை போகும். முதல் ஆள் நான். நீயும் ஒரு நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள்.

கேமரா சரியாகத்தான் வேலை செய்தது அக்கா. அதை மட்டும் நம்பு.

தம்பி


மார்ச் 12

ஏன்டா,

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், சைக்கிள்கூட வந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. என் காதில் பூச்சுற்றும் வேலையை விடு. அது எங்கே அடித்தது?

வக்கீல் எழுதினாராம். ஏழாம் படுக்கை அந்த வக்கீலின் கனவில் வந்து சொல்லிற்றா? பணியிலிருந்த செவிலியர் யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியாதா? எனக்கு நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொல்கிறாயே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, அப்புறம் நானே குனிந்து எடுத்தேன்.

இருபத்திரண்டு பேர் விழவில்லை என்பதை என்னிடமே குறையாகச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? மூன்றாம் படுக்கை பஸ் டிரைவர், மூத்திரப் பையோடு எழுந்து ஓடப் பார்த்தவர். பதினொன்றாம் படுக்கை டீச்சர், ஸ்கூலுக்கு நேரமாயிற்று என்று தினமும் கட்டிலைத் தாண்டுவார். இவர்களை நாங்கள் பிடித்தது உன் கணக்கைக் கெடுத்துவிட்டதா? எத்தனை பேரை விழ விட்டிருந்தால் உன் ஆய்வாளர் அம்மாவுக்குப் போதுமாக இருந்திருக்கும்? எழுது, தெரிந்துகொள்கிறேன்.

தையல்காரரிடம் கேமராவுக்குச் சம்மதம் வாங்கியதும் நான்தான். “என்னம்மா இது, மேல உக்காந்துகிட்டு என்னையே முறைச்சுப் பாக்குது?” என்றார். “முகமெல்லாம் தெரியாதுங்க ஐயா, கோடு கோடாத்தான் தெரியும். நீங்க எழுந்தா எங்களுக்கு மணி அடிக்கும், ஓடி வந்துடுவோம்” என்றேன். என் வாயால் சொன்னேன். அந்த வாக்கு என்ன ஆனது?

இன்னொன்று. வார்டுக்கு வருகிற போன் எல்லாவற்றையும் கிளார்க் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். சின்ன சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ‘ஜனவரி 19, 2.41, ஹெட் சிஸ்டருக்கு, தம்பி.’ எனக்கு இப்போதுதான் உறைத்தது. நான் ஏழாம் படுக்கையை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தேன். அவர் மதியத் தூக்கம் முடிந்து எழும் நேரம் அது, தினமும் போய் நிற்பேன். பாதி வழியில் கிளார்க் கூப்பிட்டார், “சிஸ்டர், உங்க தம்பி லைன்ல இருக்காரு, அவசரமாம்.” திரும்பிப் போனேன். நீ கேட்டது, அம்மாவின் கண்ணாடியை எந்தக் கடையில் கொடுத்திருக்கிறோம் என்று.

அந்தக் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாம் மூன்று பேரும்தானே போனோம்? ஃபிரேமைப் பொறுக்கிக் கொடுத்ததே நீதான். அன்று வேலை அவசரத்தில், மடையன் மறந்துவிட்டான் என்று உட்கார்ந்து வழி சொன்னேன். நீ எதற்குப் போன் பண்ணினாய்? பூசி மெழுகாமல் சொல்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. ஐந்து முறை எழுதி நானே கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

எச்சரிக்கை என் லேப்டாப்பில் அடித்தது. வேறு எங்கும் இல்லை.

பழைய சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கும் அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீதான் வேர்த்துக் கொட்டுதே என்று ஒரு மின்விசிறி கொண்டுவந்து வைத்தாய். உங்கள் திரைக்கு இணைப்புக் கொடுக்காதது மறதி இல்லை. மேலாளர் சொன்னார், “நர்சுங்களுக்கு மணி அடிச்சா ஓடிப்போய்ப் பிடிச்சிடுவாங்க. அப்புறம் மெஷின் சொன்னது நெஜமா பொய்யான்னு யாருக்குத் தெரியும்?” எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரிக்குத் திரை இயங்குவதாகக் காட்ட வேண்டும், அதனால் ரசீது. ஆனால் மணி அடிக்காமலே நீ போய்ப் பிடித்தாய். தினமும் பிடித்தாய். முப்பத்தெட்டாம் நாள் மேலாளர் கேட்டார், “உங்க அக்கா லீவே போட மாட்டாங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த நாள்தான் பத்தொன்பதாம் தேதி.

சத்தியமாக உன்னிடம் சொல்லத்தான் போன் செய்தேன். ஓடிவருவதைவிட அது சீக்கிரம் என்று நினைத்தேன். கிளார்க்கிடம் அவசரம் என்றேன். திரையில் தையல்காரரின் கோட்டுருவம் உட்கார்ந்திருந்தது, வலது கால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தது. நீ காட்டினாயே, அப்படியே. நீ வந்து “சொல்லுடா, வேலையா இருக்கேன்” என்றாய். ‘ஏழாம் பெட்டைப் பாரு’ என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது கண்ணாடிக் கடை.

ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். யாரும் வந்து பிடிக்காமல் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று ஒரு நினைப்பு. அவர் விழ மாட்டார், கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், நின்றாலே கணக்கில் வந்துவிடும் என்று நினைத்தேன். நீ, “பேங்க்கைத் தாண்டி ரெண்டாவது சந்து, பில்லை மறக்காம எடுத்துட்டுப் போ” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கோடு எழுந்து நின்றது. அப்புறம் குறுக்காகக் கிடந்தது. போனிலும் அந்தச் சத்தம் கேட்டது. நீ ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினாய். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. உன் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. எல்லோரையும் துரத்துகிறவள், ரசீதை நீட்டியபோது என்னையும் துரத்தியிருக்கக் கூடாதா? தம்பி என்று ஏன் விட்டாய்?

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தேன். “என்னடி எழுதியிருக்கான்?” என்று அம்மா கேட்டாள். “நல்லா இருக்கானாம்” என்றேன். உனக்காக நான் சொல்கிற கடைசிப் பொய் அது.

நீ போன் செய்யாமலே இருந்திருந்தால் நான் அவர் பக்கத்தில் நின்றிருப்பேன். அது புரிகிறதா உனக்கு? மெஷின் வேண்டாம், மணி வேண்டாம், நீ சும்மா இருந்திருந்தாலே போதும். காப்பாற்றப் போன் எடுத்தேன் என்கிறாய். அந்தப் போன்தான் அவரைத் தள்ளிவிட்டது. எனக்கு அன்று முதல் தூக்கம் இல்லை. எங்கே பார்க்கத் தவறினேன், எந்த நிமிடத்தில் அசந்தேன் என்று படுக்கையில் புரண்டு புரண்டு யோசிப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். “கவலைப்படாதக்கா, எல்லாம் சரியாகிடும்” என்று எனக்கே பரிமாறினாய். உன் முகத்தில் விழிக்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஆறு பேருக்கு வேலை போகும் என்றாய். தையல்காரருக்கு எழுபத்தொரு வயது. இடுப்போடு போனது அவர் தையல் மெஷின் மிதிக்கிற கால்.

கேள். 25ஆம் தேதி ஆய்வாளரிடம் நீயே சொல். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கள் நிர்வாகத்துக்கு 28க்கு முன்னால் அனுப்பு. இல்லையென்றால் உன் கடிதம் போகும், ஆய்வாளருக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று. முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

சொல்லிவிட்டேன். நீ ஜெயித்துவிட்டாய்.

சின்ன அறை. நீள மேசை, நாலு தண்ணீர் பாட்டில், சரியாக மூடாத ஒரு ஜன்னல். ஆய்வாளர் அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எங்கள் ஃபைல் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். வக்கீல் அரை மணி நேரம் பேசினார். ஏழாம் படுக்கைக்கு வந்ததும் குரலை உயர்த்தி, அசைக்க முடியாத சான்று என்றார்.

ஆய்வாளர் அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “எச்சரிக்கை வந்து 110 வினாடி இருந்திருக்கு. எழுந்து போய்ப் பிடிக்க அது தாராளமான நேரம். அன்னைக்கு அந்த எச்சரிக்கை யாருக்குக் கிடைச்சுது? அது எங்கயும் எழுதலையே?”

வக்கீல் “செவிலியர் மேசைக்கு...” என்று ஆரம்பித்தார்.

“எனக்கு” என்றேன்.

மேசைக்குக் கீழே வக்கீல் என் காலை மிதித்தார். “எனக்கு மட்டும்தாங்க. வார்டுத் திரைக்கு இணைப்பே கொடுக்கல. நான்தான் பாத்துட்டு இருந்தேன். செவிலியரைப் போன்ல பிடிச்சு வச்சதும் நான்தான்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு மஞ்சள் சீட்டை ஃபைலிலிருந்து எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டு, “இதை எழுதிக் கொடுக்கறீங்களா?” என்று மட்டும் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். உங்கள் நிர்வாகத்துக்கும் ஒன்று அனுப்பியாயிற்று. பிரதி இதோடு இருக்கிறது, சரிபார்த்துக்கொள்.

உன் மிரட்டலுக்குப் பயந்து சொன்னேனா, தானாக வாயில் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் மேலாளர் என்னோடு லிஃப்டில் ஏறவில்லை. சாயங்காலம் ஆபீஸ் கதவு என் அட்டைக்குத் திறக்கவில்லை. என் மேசையிலிருந்த சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் காவலாளியிடம் கொடுத்திருந்தார்கள். இப்போது சந்தோஷமா? நீ கேட்டதை எல்லாம் செய்துவிட்டேன். வேலை போயிற்று, நான்கு வருடம் போயிற்று. உன் கோபமும் இத்தோடு முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. உன் காகிதத்தை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓடாத திரைக்குக் கையெழுத்துப் போட்டதற்குத் தனியாக ஒரு கண்டனம். அது எனக்கு வேண்டியதுதான், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை டியூட்டி.

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே.

நீ உண்மையைச் சொன்னாய், சரி. யார் யாரிடம் சொன்னாய் என்று எண்ணிப் பார். என்னிடம், ஆய்வாளரிடம், நிர்வாகத்திடம். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாய். உன் வேலை போனதை எழுதியிருக்கிறாய், உன் பெட்டி காவலாளியிடம் கிடந்ததை எழுதியிருக்கிறாய். விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று உன் மூன்று கடிதத்தில் எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா? மறுபடி எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். இல்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் கடை. தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடியிருக்கிறது, அதன் மேல் மாத்திரை டப்பா. மருமகள் கதவைத் திறந்துவிட்டு, என்னை அடையாளம் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மட்டும் “உக்காரும்மா” என்றார். “மணி அடிச்சும் நீ வரலைன்னு சொன்னாங்க. நான் நம்பல. ஆனா வேற எதை நம்புறதுன்னும் தெரியல” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். திரை எரியாததை, ரசீதை, போனை. பார்த்துக்கொண்டிருந்தது என் கூடப்பிறந்தவன் என்பதையும் சொன்னேன். மருமகள் கத்தினாள், கத்த வேண்டியதுதான். அவர் கத்தவில்லை. என்னிடம் கேட்டார், “அந்தத் தம்பி நான் விழற வரைக்கும் என்னைப் பாத்துகிட்டே இருந்தாரில்ல? அவரை நான் பாக்கணும்மா. இங்க என் எதிர்ல வந்து உக்காரச் சொல்லு.”

அவரால் உன் மாடிப்படி ஏற முடியாது. வாசல்படிக்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் நீ போ. அவர் பெயரும் முகவரியும் இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன. போய் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அக்கா